கல்யாண விசிடி லினக்ஸ்ல காப்பி ஆகலையா? டிரைவ மாத்திடாதீங்க

கேள்வி: உபுண்டு லினக்ஸ் லேப்டாப்ல யூஎஸ்பி டிவிடி டிரைவ் மாட்டி, 2003ல நடந்த அக்கா கல்யாண விசிடிய காப்பி பண்ணப் பாக்குறேன். ஃபோல்டர் எல்லாம் தெரியுது, வீடியோ இருக்கற டேட் (.dat) ஃபைல இழுத்துப் போட்டா இன்புட் அவுட்புட் எரர்னு நின்னுடுது. ஆனா டிவிடி நல்லா ஓடுது. டிரைவ் போயிடுச்சா?

பதில்: டிரைவ் நல்லாத்தான் இருக்குங்க, புதுசு வாங்கிடாதீங்க. ஃபோல்டர் தெரியுது ஃபைல் வரலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. சாதாரண டேட்டா சிடில ஒரு செக்டருக்கு (சிடிய பிரிச்சு வெச்சிருக்கற சின்னத் துண்டு) 2048 பைட்தான் நம்ம ஃபைல், மீதில பெரும்பகுதி கீறல் விழுந்தா சரிபண்றதுக்கு வெச்சிருக்கற தகவல். 1993ல விசிடி வந்தப்போ, படத்துல ஒரு புள்ளி தப்பானா யாருக்குத் தெரியப்போகுதுன்னு அந்தத் தகவலத் தூக்கிட்டு 2324 பைட் வரைக்கும் வீடியோவ அடைச்சுட்டாங்க. லினக்ஸ் கெர்னல் (லினக்ஸோட மையப்பகுதி) சிடிய மவுண்ட் பண்ணா, அதாவது ஃபோல்டரா திறந்தா, 2048 கணக்குலதான் கேக்கும், வீடியோ ட்ராக்குல அந்தக் கணக்கே கிடையாது, டிரைவ் கைய விரிச்சிடுது. ஃபோல்டர் விவரம் மட்டும் பழைய முறையில எழுதியிருக்கறதால கண்ணுக்குத் தெரியுது. விண்டோஸ்ல இதே ஃபைல் காப்பி ஆகும், அதப் பாத்துட்டுத்தான் நிறைய பேர் லினக்ஸ்ல டிரைவ் வேலை செய்யலன்னு முடிவு கட்டிடறாங்க.

சந்தேகம் இருந்தா எரர் வந்த உடனே டெர்மினல்ல சூடோ போட்டு டிமெசேஜ் (sudo dmesg) ஓட்டுங்க, கெர்னல் எழுதிவெச்ச செய்தியெல்லாம் வரும், கடைசில எஸ்ஆர்0 (sr0, லினக்ஸ் உங்க டிரைவுக்கு வெச்ச பேரு) பேரோட நாலஞ்சு வரி இருக்கும். அதுல இல்லீகல் மோட் ஃபார் திஸ் ட்ராக்னு (Illegal mode for this track) இருந்தா நான் சொன்ன கதைதான். மீடியம் எரர்னு (Medium Error) இருந்தா கீறல், இல்ல லென்ஸ்ல தூசி. எஸ்ஆர்0ங்கற பேரே இல்லன்னா கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பாருங்க, ஹப்ல மாட்டாம நேரா லேப்டாப்லயே மாட்டுங்க, கரண்ட் பத்தாம மக்கர் பண்ணும்.

பாக்க மட்டும்னா விஎல்சி பிளேயர்ல ஓபன் டிஸ்க் போய் விசிடிய தேர்வு பண்ணுங்க, போதும். சேமிக்கணும்னா விசிடி இமேஜர் (vcdimager) பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க, அதோட விசிடிஎக்ஸ்ரிப்னு (vcdxrip) ஒரு டூல் வரும், சிடிராம் டிவைஸ் ஆப்ஷன்ல எஸ்ஆர்0வ குடுத்தா (vcdxrip --cdrom-device=/dev/sr0) எம்பிஜி ஃபைலாவே எடுத்துக் குடுத்துடும், கன்வெர்ட் எதுவும் வேணாம், விஎல்சில அப்படியே ஓடும்.

எங்க வீட்டு விசிடில சரியா தாலி கட்டுற இடத்துல கீறல், கெட்டிமேளம் கேக்குது, படம் மட்டும் கட்டம் கட்டமா உடையுது. மெல்லிசு துணியால நடுவுலேந்து ஓரத்துக்கு நேரா துடைச்சேன் (சுத்திச் சுத்தி துடைக்காதீங்க, ட்ராக் போற திசையிலயே கீறல் விழுந்துடும்), எஜெக்ட் கமாண்ட்ல (eject -x 8) டிரைவ் வேகத்த 8க்கு குறைச்சு திரும்ப எடுத்தேன், முக்காவாசி வந்துடுச்சு.

கல்யாண விசிடி பெரும்பாலும் ரெண்டு சிடியாத்தான் வரும், ரெண்டுலயும் ஃபைல் பேரு ஒண்ணேதான், அதனால தனித்தனி ஃபோல்டர்ல எடுங்க, இல்லன்னா ரிசப்ஷன் வந்து முகூர்த்தத்த அழிச்சிடும்.