முதிரை மரத்தில் நார் பிய்வது பற்றி

வணக்கம். வாழைச்சேனையில் தச்சுப்பட்டறையில் மிஞ்சிய முதிரைத் துண்டில் தாமரை செதுக்கும்போது, ஓரிடம் வழுவழுப்பாகவும் அடுத்த இடம் நார் பிய்ந்தும் வருவதாக எழுதியிருந்தீர்கள். முதிரையில் நாரோட்டம் அடுத்தடுத்த அடுக்குகளில் எதிரெதிராகச் சாய்ந்து பின்னியிருப்பதால், ஓர் அடுக்குக்குப் பொருந்தும் உளியின் திசை அடுத்ததில் நாரைக் கிளப்பிவிடும். இதழின் விளிம்பை முதலில் செங்குத்தாக வெட்டிக்கொண்டு, பிறகு நாருக்குக் குறுக்காக, கடதாசி போன்ற மெல்லிய சீவல்களாக எடுங்கள். உளியின் சரிவை ஏறத்தாழ 30 பாகைக்குத் தீட்டி, தோல் வாரில் அடிக்கடி இழுத்தால் முனை நிலைக்கும். பழகுவதற்கு முதிரையைத் தேர்ந்ததே சற்றுத் துணிச்சல்தான்! நேரான நாருள்ள தேக்குத் துண்டு கிடைத்தால் அதில் தொடங்குங்கள். தேக்கிலுள்ள சிலிக்கா என்னும் மணற்பொருள் முனையை விரைவில் மழுக்கும் என்பதால் தீட்டுகல்லை அருகிலேயே வைத்திருங்கள்.