சுவரில் மாட்டிய ஓவியம் யாருக்குச் சொந்தம்?

வணக்கம் ஐயா,

ஆஸ்திரேலியாவின் வடக்கே பழங்குடிகள் வாழும் ஆர்னம்லாந்தில், கலைக்கூடம் ஒன்றில் 1,800 டாலருக்கு ஒரு மரப்பட்டை ஓவியம் வாங்கினோம். சான்றிதழும் உண்டு. புதுமனை புகுவிழா அழைப்பிதழிலும் தாம்பூலப் பையிலும் அதை அச்சிட ஆசை. பணம் கொடுத்து வாங்கியது எங்களுக்குத்தானே சொந்தம்? சந்தையில் வாங்கிய பூமராங் பழங்குடியினர் செய்த அசலா என்றும் சொல்லுங்கள்.

எம்., மெல்போர்ன்

அன்புள்ள எம்.,

சான்றிதழ் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் 'பணம் கொடுத்தேன்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்தது பட்டையும் அதன்மேல் தீட்டிய காவியும். நகலெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. நூறு பைதானே, விற்கவா போகிறேன் என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. கலைக்கூடத்துக்கு எழுதுங்கள்: எத்தனை பிரதி, என்ன அளவு, படத்தை வெட்டுவீர்களா, மேலே எழுத்து வருமா, ஓவியர் பெயர் எங்கே வரும். எழுத்தில் அனுமதி வந்த பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.

பூமராங்கில் செய்தவர் பெயரும் சமூகத்தின் பெயரும் இல்லையென்றால் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிடுங்கள். 'கையால் தீட்டியது' என்ற வரிக்கு அர்த்தமே இல்லை. இந்தோனேசியாவிலும் கையால்தான் தீட்டுகிறார்கள். அங்கே செய்த 18,000க்கும் மேற்பட்ட பொருள்களைப் பழங்குடிக் கலை என்று விற்ற பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதுவும் வாங்குபவரை ஏமாற்றியதற்காக, ஓவியர்களின் உரிமைக்காக அல்ல.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் முக்கியம். ஓவியருக்காவது அது முழுச் சொந்தமா?

ஒரு வழக்கைப் பாருங்கள். ஆர்னம்லாந்துப் பழங்குடி ஓவியர் ஜானி புலுன் புலுன் 1978இல், தம் கனல்பிங்கு குல மூத்தோரின் அனுமதியோடு, ஜூலிபின்யமர் நீர்நிலையை மேக்பை வாத்துகளோடும் அல்லிகளோடும் வரைந்தார். குலத்தின் படைப்புக் கதையில், பார்ந்தா என்னும் நீண்ட கழுத்து ஆமை மண்ணுக்குள்ளிருந்து முதன்முதலில் வெளியே வந்த இடம் அது. அந்த ஓவியம் கேட்காமல் கொள்ளாமல் இறக்குமதித் துணியில் ஏறியது. துணி நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. ஆனாலும் குலத்தின் சார்பில் ஜார்ஜ் மில்புரூரு விடவில்லை. எங்களுக்கும் உரிமை உண்டு என்றார். 1998இல் நீதிபதி வான் டௌசா தீர்ப்பளித்தார்: நகலெடுக்கும் உரிமையான காப்புரிமை வரைந்தவருக்கே, குலம் கூட்டு உரிமையாளர் அல்ல. ஆனால் வரைந்தவர், குலம் தம்மேல் வைத்த நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டவர். அத்துமீறல் நடந்தால் அவர் வழக்குப் போட வேண்டும், போடாவிட்டால் குலம் நீதிமன்றம் வரலாம். இவர் போட்டுவிட்டார், ஆகவே குலத்துக்குத் தனியாக எதுவும் கிடையாது.

இதைப் பெரிய வெற்றியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்தக் கடமை காப்புரிமையோடு பிணைந்தது. ஓவியர் இறந்து 70 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிடும். அதற்குப்பின் எவர் வேண்டுமானாலும் அந்த நீர்நிலையைத் தலையணை உறையில் அச்சிட்டு விற்கலாம். அதைத் தடுக்கக் காப்புரிமைச் சட்டத்தில் கனல்பிங்குகளுக்கு வழியில்லை.