காதால் வறுப்பதும் கணினியால் வறுப்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காப்பிக்கொட்டை வறுத்து விற்று வருகிறார். சென்ற ஆண்டு முதல் நானும் தம்பியும் அவருடன் சேர்ந்து, கலப்பில்லாத ஒரே தோட்டத்துக் கொட்டைகளைச் சிறு அளவில் தனித்தனியாக வறுக்கத் தொடங்கியிருக்கிறோம். தம்பி கணினித் திரையில் சூடு ஏறுவதைக் காட்டும் வெப்பக் கோட்டைப் பார்த்து இளவறுவலாக இறக்குகிறான். அப்பா அதைக் குடித்துவிட்டுப் பச்சை வாடை போகவில்லை என்கிறார். அப்பா தன் காதையும் மூக்கையும் நம்பி வறுத்தால் கொட்டை கறுத்துவிடுகிறது என்பது தம்பியின் குறை. இருவரில் யார் சொல்வது சரி?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையார் சொல்லும் பச்சை வாடை பெரும்பாலும் உண்மையான குறைதான். பழகாத நாக்கின் புகார் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். இளவறுவல் வேறு, வேகாத வறுவல் வேறு. அடுத்த முறை தம்பி வறுத்து இறக்கியதும், ஆறிய கொட்டை ஒன்றை நடுக்கோட்டில் பிளந்து பாருங்கள். மேற்புறம் பழுப்பாகவும் உட்புறம் வெளிறியும் இருந்தால், வெப்பம் உள்ளே சேர்வதற்குள் இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். அதை மென்றால் மொறுமொறுவென்று நொறுங்காமல் பல்லுக்கு அடங்காது நிற்கும். புல்லின் சுவை நாவில் தங்கும்.

பச்சைக் கொட்டையின் எடையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம். அது வற்றி, கொட்டை மஞ்சளாகி, வைக்கோல் வாடை மெல்ல மாறி ரொட்டி சுடும் மணம் எழுந்த பிறகே பழுப்பேறத் தொடங்கும். ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸில், உள்ளே திரண்ட நீராவியின் அழுத்தம் தாளாமல் கொட்டை படபடவென்று வெடிக்கும். இந்த முதல் வெடிப்புக்கும் கொட்டையை இறக்குவதற்கும் இடைப்பட்ட ஓரிரு நிமிடங்களில்தான் நீங்கள் விற்கும் காப்பியின் சுவை பெருமளவு தீர்மானமாகிறது. ஆனால் 196 என்ற எண்ணைத் தம்பி வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். வெப்பமானியின் கம்பி, கொட்டைகள் சுழன்று வறுபடும் டிரம்மில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கொட்டைகளைத் தொடுகிறது என்பதைப் பொறுத்துத் திரையில் தெரியும் எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அந்த எண் உங்கள் இயந்திரத்தில் எதைக் குறிக்கிறது என்பதை வெடிப்பைக் கேட்கும் காதுதான் சொல்ல முடியும்.

தம்பியின் குறையிலும் நியாயம் இருக்கிறது. சுமார் 224 டிகிரியில் இரண்டாம் வெடிப்புத் தொடங்கி, எண்ணெய் மேலே கசிந்து மினுங்கும் வரை வறுத்தால், எந்தத் தோட்டத்துக் கொட்டையும் ஏறக்குறைய ஒரே காப்பியாகிவிடும். 1974இல் எர்னா நட்சன் என்ற காப்பி வணிகர் 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்ற சொல்லை வழங்கியபோது, தனித்த நிலமும் தட்பவெப்பமும் கொட்டைக்குத் தரும் தனிச்சுவையைத்தான் சுட்டினார். அந்தச் சுவைக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கொட்டையைப் புகைச்சுவையில் மூழ்கடிப்பது, விளைவித்தவரின் ஓராண்டு உழைப்பை வீணாக்குவதாகும். கலப்புக் காப்பியில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துக்கொள்ளும். ஒரே தோட்டத்துக் கொட்டைக்கு அந்தத் துணை கிடையாது. உங்கள் தந்தையார் நெடுங்காலம் கலப்புக்காக வறுத்தவராக இருந்தால், அவர் கை ஆழ்ந்த வறுவலுக்குப் போவது இயல்புதான். ஆனால் உயரமான மலையில் மெதுவாக விளைந்து இறுகிய கொட்டையும், பழத்தோடு உலர்த்தப்பட்ட கொட்டையும் ஒரே தீயை ஏற்பதில்லை. முன்னது தொடக்கத்தில் நல்ல சூட்டைத் தாங்கும். பின்னது அதே சூட்டில் மேலே கருகிவிடும்.

என் பெரியப்பா வறுத்த காலத்தில் நான் பல ஆண்டுகள் அவர் அருகில் அமர்ந்திருக்கிறேன். சோதனைக் கரண்டியை இழுத்து, கொட்டைகளை மூக்கருகே கொண்டுசென்று, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுத் தீயைக் குறைப்பார். எதை முகர்ந்து குறைத்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்தபின் அதே இயந்திரத்தில் அதே தோட்டத்துக் கொட்டையைப் பலமுறை வறுத்துப் பார்த்தோம். அந்தக் காப்பி வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

ஆகவே யார் சரி என்பதைக் கோப்பையில் பாருங்கள். வறுத்த உடனே குடித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கரியமில வாயு ஓரளவு வெளியேற எட்டு மணி நேரமாவது விடுங்கள். பிறகு இருவரின் வறுவலிலிருந்தும் 8.25 கிராம் பொடிக்கு 150 மில்லி வெந்நீர் என்று ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே படிந்த ஏட்டைக் கரண்டியால் உடைத்து, ஆற ஆறச் சுவையுங்கள். எது யாருடையது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த வறுவலில் அப்பாவை டிரம்மின் அருகிலும் தம்பியைத் திரையின் முன்னும் அமர்த்துங்கள். "வைக்கோல் வாடை போயிற்று", "முதல் வெடிப்புக் கேட்கிறது" என்று அப்பா சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அந்த நொடியின் வெப்பத்தையும் நிமிடத்தையும் சேர்த்துத் தம்பி எழுதிக்கொள்ளட்டும்.