வாங்கிய நிலத்தில் பழைய கல்லறைகள்: டெக்சஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, முதலில் வாழ்த்துகள். பிரெனம் பக்கம் 5 ஏக்கர் வாங்கியதும், பின்பக்கப் புதரை வெட்டும்போது சீடர் மரங்களுக்கு அடியில் மூன்று கல்லறைக் கற்கள் தென்பட்டதும் எழுதியிருந்தீர்கள். சேலத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் நிலத்தையே விற்றுவிடச் சொல்கிறார். காண்டிராக்டரோ டோசரை விட்டுத் தள்ளிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். காண்டிராக்டர் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் அந்தத் துண்டு இடுகாடுதான். இடுகாடாக இருக்கும் நிலத்தை வேறு எதற்கும் பயன்படுத்த டெக்சஸ் சட்டம் விடாது. எலும்புகளை எடுத்து வேறிடம் மாற்ற முறைப்படி உத்தரவு வாங்க வேண்டும். கல்லைப் பெயர்த்தாலே குற்ற வழக்கு வரும். இன்னொன்று, நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது: அங்கே போகப் பொதுவழி இல்லாவிட்டால், கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் உங்கள் நிலம் வழியாக வந்துபோக உரிமை உண்டு. எந்தப் பக்கமாக வரலாம் என்று நீங்கள் சொல்லலாம். வரவே கூடாது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் தோட்டத்தை விற்ற பிறகும் தாத்தா சமாதிக்குப் படையல் போட வருகிறார்களே, அதைத்தான் இங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிரயப் பத்திரத்தையும் பழைய பத்திரங்களையும் எடுத்துப் படியுங்கள். கல்லறை இருக்கும் கால் ஏக்கர், அரை ஏக்கரை நீக்கிவிட்டுத்தான் விற்பனை என்று எங்காவது ஒரு வரி இருக்கலாம்.

அடுத்து, மண்ணைத் தோண்டிப் பார்க்காதீர்கள். கல் மூன்று என்றால் புதைகுழியும் மூன்றுதான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பல ஏழைக் குடும்பங்கள் பெயர் பொறிக்காத வெறும் கல்லையோ மரப்பலகையையோதான் நட்டார்கள். பலகை எப்போதோ மக்கிப்போயிருக்கும். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஆள் நீளத்துக்குக் கிழக்கு மேற்காக மண் லேசாகக் குழிந்திருந்தால் அது பெரும்பாலும் புதைகுழி. ஐரிஸ் பூச்செடியோ, நம் நித்தியகல்யாணியின் உறவான வின்கா கொடியோ காட்டுக்கு நடுவில் படர்ந்திருந்தாலும் கவனியுங்கள். யாரோ நட்டுவைத்தது அது. கறுப்பின மக்களின் பழைய இடுகாடுகளில் கிளிஞ்சல், உடைந்த தட்டு, கோப்பை எல்லாம் மண்மேல் கிடக்கும். குப்பை என்று அள்ளிவிடாதீர்கள், இறந்தவருக்கென்று வைத்தவை அவை. எலும்பே வெளியே தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஷெரீப் அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள்.

யாருக்கும் தெரியாத அல்லது கைவிடப்பட்ட இடுகாட்டைக் கண்டுபிடித்தவர் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். படிவம் டெக்சஸ் வரலாற்று ஆணையத்திடம் கிடைக்கும். ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரலாற்றுக் குழு ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். கற்களையும் பெயர்களையும் படம் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். பெயரை வைத்து வாரிசுகளைத் தேடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் சுகர் லேண்டில் நடந்தது அப்படி. 2018இல் பள்ளிக்கூடக் கட்டட வேலையில் எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 95 பேர். கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்ட காலத்தில் வேலை செய்தே செத்த கறுப்பின மக்கள் அவர்கள். 14 வயதுப் பையன்கூட இருந்திருக்கிறான். அந்த வட்டாரத்தில் புதைகுழிகள் இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் என்ற முன்னாள் சிறைக் காவலர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சரியாகக் கேட்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று இழுபறி நடந்து, கடைசியில் 2019 நவம்பரில் அதே இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். இன்று நாம் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மண் அது. அந்த மனிதர்களுக்குக் குறைந்தபட்ச மரியாதையாவது நாம் தர வேண்டாமா?

கற்களைச் சுத்தம் செய்ய ஆசையாக இருக்கும். பிளீச், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் எதுவும் ஆகாது. வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். தட்டினால் டொக் டொக் என்று உள்ளே கூடாகச் சத்தம் வரும் கல்லைத் தொடவே வேண்டாம், பொறுக்கு விட்டுவிடும். எங்கள் இடத்துக்கு அடுத்த நிலத்தில் ஒரு குழந்தையின் கல் இருக்கிறது. மேலே சின்ன ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோலச் செதுக்கியிருப்பார்கள். இந்தப் பக்கம் பழைய குழந்தைக் கல்லறைகளில் நிறையப் பார்க்கலாம். யாரோ பளிச்சென்று ஆக்க நினைத்துத் தேய்த்ததில் அதன் முகமே மழுங்கிவிட்டது. அந்தக் குடும்பத்து அம்மா ஒருவர் ஒவ்வொரு வசந்தத்திலும் பேரப்பிள்ளைகளோடு வந்து புல் பிடுங்குவார். அந்த ஆட்டுக்குட்டியைத்தான் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவார்.

மாமியாரின் பயத்தை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். தினமும் கண்ணில் படும் இடத்தில் சமாதி இருந்தால் அவர் வயதில் யாருக்கும் மனசு சங்கடப்படும். விளக்கு வைத்துக் கும்பிட்டால் நிம்மதி என்றால் வீட்டு வாசலில் வைக்கட்டும். கல் மேல் மஞ்சள், குங்குமம், எண்ணெய் மட்டும் வேண்டாம். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் அந்தக் கறை போகவே போகாது. அதோடு இறந்தவர்கள் வேறு வழிபாட்டுக்காரர்கள். உறவினர் வந்து பார்த்தால் மனம் நோகும். காய்ந்த புல்லில் கற்பூரம் வைப்பது எப்படியும் ஆபத்து.

வீடு கட்டும் வேலைக்கு வருவோம். சர்வேயரை வைத்து அந்த இடத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குழிவுகளையும் சேர்த்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு அடையாளக் கொடிக்கம்பு நடுங்கள். அதற்குள் எந்த வண்டியும் இறங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. செப்டிக் டேங்கையும் போர்வெல்லையும் முன்பக்கமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். போர்வெல்லுக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று துளை போடுகிறவரிடமே கேளுங்கள். டோசர்காரர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள், இந்தப் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை.