குளிக்க மறுக்கும் அப்பா: எதைச் செய்து கொடுப்பது, எதை விடுவது?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. எங்களோடு இருக்கிறார். சில மாதங்களாகக் குளிக்கச் சொன்னாலே "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். வற்புறுத்தினால் சண்டைதான். போன மாதம் ராத்திரி கழிவறைக்குப் போக எழுந்தவர் தடுமாறிச் சுவரில் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, விழவில்லை. அன்றிலிருந்து பயந்துபோய் எல்லாவற்றையும் நானே செய்கிறேன். சட்டை போட்டுவிடுவதிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுவரை. அதற்கும் கோபப்படுகிறார். நான் வேலைக்கும் போகிறேன். எரிச்சல் வருகிறது, அப்புறம் எரிச்சல்பட்டதை நினைத்து அழுகை வருகிறது. எதை நான் செய்ய வேண்டும், எதை அவரிடமே விட வேண்டும்?

பதில்: பல வீடுகளில் சிக்கல் குளியலில்தான் ஆரம்பிக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் முதியவர்களின் அன்றாடச் செயல்களை ஆறாகப் பிரித்து ஓர் அளவுகோல் வகுத்தார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவற்றில் பெரும்பாலும் முதலில் கைநழுவுவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. ஆக, உங்கள் அப்பாவுக்கு மட்டும் புதிதாக வந்த பிடிவாதம் இல்லை இது.

ஏன் குளியல் முதலில்? ஒரு தடவை குளிக்கும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். காலைத் தேய்க்க ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள், அல்லது குனிகிறீர்கள். தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடுகிறீர்கள். வயதாக ஆக, உடம்பைச் சமநிலையில் நிறுத்தக் கண்ணின் உதவி அதிகம் தேவைப்படும். பாதத்தின் உணர்ச்சி மங்கியவர் கண்ணை மூடினால், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதே தெரியாது. போதாததற்குக் குளிர் வேறு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்குள் பெரும்பாலும் "பயமாக இருக்கிறது" என்பதுதான் இருக்கும். மகளிடம் அதைச் சொல்ல எந்த அப்பாவுக்கு வாய் வரும்?

அதனால் "ஏன் குளிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "அங்கே எந்த இடத்தில் கஷ்டமாக இருக்கிறது? உள்ளே போகும்போதா, குனியும்போதா, எழுந்திருக்கும்போதா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் வரும்.

முதல் மாற்றம், உட்கார்ந்து குளிப்பது. அகலமான, காலில் ரப்பர் பொருத்திய, முடிந்தால் கைப்பிடியுள்ள நாற்காலி வேண்டும். உட்காரும் உயரம் அவருடைய முழங்கால் மடிப்பு அளவு, அல்லது விரல்கடை கூடுதல். தாழ்வான ஸ்டூல் வேண்டாம். அதில் உட்காருவது எளிது, எழுவதுதான் பெரும்பாடு. ஷவர் இருந்தால் கையில் பிடித்துக்கொள்ளும் வகையாக மாற்றிவிடுங்கள், தலையை அண்ணாந்து நிற்க வேண்டியிருக்காது. சுவரில் பிடிமானக் கம்பியைத் துளையிட்டு இறுக்கமாகப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. ஆனால் தடுமாறுகிறவர் கை முதலில் போவது அதற்குத்தான்! ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுவகைக் கம்பிகளையும் நான் நம்புவதில்லை. ஈரத்தில் எப்போது கழன்றுவரும் என்று சொல்ல முடியாது.

சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் அவர் உள்ளே போகும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு மடியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் கூச்சம் பாதி குறையும். முகம், மார்பு, கைகளை அவரே கழுவிக்கொள்ளட்டும். முதுகையும் பாதத்தையும் மட்டும் நீங்கள் பாருங்கள், அதுவும் அவர் கேட்டால். மகள் உள்ளே வருவதே சங்கடம் என்றால் மகனோ, பேரனோ, சம்பளத்துக்கு வரும் ஆண் உதவியாளரோ இருக்கட்டும். அதில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டால் அவருக்குத் தனிமையும் கிடைக்கும், உங்களுக்கு நிம்மதியும் கிடைக்கும்.

இன்னொன்று, தினமும் முழுக்குளியல் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வயதானவர்களின் தோலில் எண்ணெய்ப்பசை குறைவு. தினசரி வெந்நீரும் சோப்பும் அரிப்பைத்தான் கூட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முழுக்குளியல், மற்ற நாட்களில் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றை நனைத்த துணியால் துடைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும். எந்த நாள், காலையா மாலையா என்பதை அவரே சொல்லட்டும். குளிக்காமலே "குளித்துவிட்டேனே" என்று மனதார நம்பிச் சொல்கிறார் என்றால் மட்டும் விஷயம் வேறு. அது மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். எதிலுமே நாட்டமில்லாமல் படுத்தே கிடக்கிறார் என்றாலும் அப்படித்தான். மனச்சோர்வுக்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு.

சரி, ராத்திரித் தடுமாற்றம். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் இதுதான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான விழுதல்கள் அதிகம் நடப்பது 60 வயதைக் கடந்தவர்களிடம். "விழவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். விழாமல் தப்பியது, முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை.

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளம் வயதில் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி ஈடுகட்டிவிடும். முதுமையில் அது தாமதமாகும், அந்தச் சில நொடிகளில் கண் இருட்டும். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் தானாக வாங்கியதும் அதில் இருக்கட்டும். பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, எல்லாமே தடுமாற்றத்துக்குக் காரணமாகலாம். முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளுக்கென்று 1991 முதல் பீர்ஸ் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை அவருக்கு ஒரு பழக்கம் போதும்: கண் விழித்ததும் படுக்கை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுவது. படுக்கையிலிருந்து கழிவறைவரை சிறிய விளக்குகள் ராத்திரி முழுக்க எரியட்டும். 60 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள், அவருக்கு 79. வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

ராத்திரி அடிக்கடி எழுகிறார் என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, நீர் குறைந்தால் தலைசுற்றல்தான் கூடும். டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் தவிர, பகலில் நன்றாகக் குடிக்கட்டும், மாலைக்கு மேல் குறைக்கட்டும். சாயங்காலம் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். பகல் முழுக்கக் காலில் தங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும். மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் ராத்திரி எழுவது குறையக்கூடும். புதிதாக வந்த வீக்கமென்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, எதை விடுவது? சட்டையை விடுங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பதையும் விடுங்கள். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவருவதுதான் அவருடைய தொடைத்தசைக்குக் கிடைக்கும் பயிற்சி. பயன்படுத்தாத தசை முதுமையில் வேகமாகக் கரையும். இன்று நீங்கள் அன்போடு செய்து கொடுப்பதை, சில மாதத்தில் அவரால் செய்யவே முடியாமல் போகலாம். பட்டன் போட முடியவில்லை என்றால் வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுங்கள். ஒரு தோள் வலித்தால் வலிக்கிற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கட்டும். சட்டை போடப் பத்து நிமிடம் ஆகும். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் உங்களுக்குக் கடினம். நிற்காதீர்கள், வேறு அறைக்குப் போய்விடுங்கள். ஆனால் குளியலும் ராத்திரி நடையும் அப்படியல்ல, அங்கே ஆள் அருகில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பேசினாலோ, எந்நேரமும் தூங்கி வழிந்தாலோ, அதை வயதின் மேல் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, புதிய மாத்திரை, மலச்சிக்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வருவதுண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் எரிச்சலைப் பற்றி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது: அதற்குப் பாதிக் காரணம் தூக்கமின்மை. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வீட்டில் வேறொருவர் பொறுப்பெடுக்கட்டும். கேட்காமல் யாரும் முன்வர மாட்டார்கள். நாளைக் குறித்து, பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்காலி வாங்கி வந்ததும் அப்பாவை அதில் உட்காரச் சொல்லாதீர்கள். தரையை நனைத்துவிட்டு முதலில் நீங்கள் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். ஆடுகிறதா, வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் அவரைக் கூப்பிட்டு, எந்த மூலையில் போடலாம் என்று கேளுங்கள்.