மலை மேல் பழைய கொம்ப்ரெஸர் கார்: கேள்வியும் பதிலும்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, மெர்சிடீஸ் வைத்த பெயர் கொம்ப்ரெஸர்) கூப்பே வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. பெரும்பாலானவை மெர்சிடீஸ் 1.8 லிட்டர் எம்271 எஞ்சின் பற்றியவை: சிஎல்கே 200, மடக்குக் கூரை எஸ்எல்கே 200. அதற்கு முந்தைய 2.3 லிட்டர் எம்111 ஒன்றும் ஜாகுவார் ஒன்றும் நடுவில் வரும்.

மேட்டுப்பாளையத்துல நல்லா இழுக்குதுங்க. குன்னூர் தாண்டினா மூச்சு வாங்குது. சூப்பர்சார்ஜர் போயிருச்சா? (ஊட்டி, சிஎல்கே 200)

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 770 மில்லிபார், மேட்டுப்பாளையத்தில் சுமார் 975. உங்கள் காரில் இருப்பது பெல்ட்டில் சுற்றும் ஈட்டன் கம்பெனி சூப்பர்சார்ஜர். ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு காற்று என்று அள்ளித் தள்ளும், அவ்வளவுதான். காற்று மெலிந்தாலும் அதே அளவைத்தான் அள்ளும். டர்போ என்றால் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும். பெல்ட்டில் கட்டியதற்கு அந்த வசதி கிடையாது. கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்பதால் குளிர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். கூட்டிக் கழித்தால் 15 சதவீதம் இழுவை குறைவது இயல்பு.

அதற்கு மேல் குறைகிறதா என்று பார்க்க ஒரு கணக்கு. ஸ்கேனரில் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தையும் வெளிக்காற்று அழுத்தத்தையும் சேர்த்து ஓடவிடுங்கள். மூன்றாம் கியர், 4,000 சுற்று, ஆக்ஸிலேட்டர் முழுவதும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். கீழே 1,450 காட்டினால் 1,450 ÷ 975 = 1.49. மேலே 1,145 வந்தால் 1,145 ÷ 770 = 1.49. விகிதம் ஒன்றுதான், எனவே வண்டியில் குறை இல்லை. பூஸ்ட் (வெளிக்காற்றை விடக் கூடுதலான அழுத்தம்) மீட்டர் மட்டும் பார்ப்பவர்கள் அரை பார் இருந்தது 0.38க்கு இறங்கிவிட்டதே என்று பதறுவார்கள். அது மலையின் கணக்கு.

மேலும் கீழும் விகிதமே 1.2, 1.3 என்று கிடந்தால் மூன்று இடம் பாருங்கள்: பெல்ட் வழுக்கல், இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) ஹோஸ் கிளிப், பைபாஸ் மடல். பைபாஸ் மடல் ஐடிலில் திறந்திருக்கும், காற்று திரும்பச் சுழன்று கொண்டிருக்கும். மிதிக்கும்போது மூட வேண்டும். ஆயில் படிந்து பாதியில் ஒட்டிக்கொண்டால் பூஸ்ட் முழுக்கத் திரும்ப ஓடிவிடும். துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். ஸ்ப்ரேயை நேராக உள்ளே அடித்தால் ரோட்டர் மேல்பூச்சும் பேரிங் கிரீஸும் கெடும்.

ஐடில்ல விசில் சத்தம். என்ஜின் லைட் எரியுது, பி0171. வொர்க்‌ஷாப்ல ஏர் மாஸ் சென்சர் மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமா அண்ணா? (குன்னூர், எஸ்எல்கே 200)

வேண்டாம் தம்பி. பி0171 என்பது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று சொல்லும் பிழைக் குறியீடு. விசில் அடிக்கும் சென்சரை நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் காற்றை உறிஞ்சும் ஓட்டையின் சத்தம். எம்271இல் முதல் சந்தேகம் கிராங்க்கேஸ் (எஞ்சினின் ஆயில் இருக்கும் அடிப்பகுதி) காற்றோட்ட ஹோஸ்கள் மேல்தான். ஆயில் பிரிப்பானிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ், மேனிஃபோல்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சூட்டில் வெந்து கொண்டிருக்கும். பதினைந்து வருடத்தில் ரப்பர் முறுக்குப் போல் நொறுங்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் மேலே நல்லாயிருக்கும், அடிப்பக்கம் நீளமாகக் கீறியிருக்கும்.

சென்சரா ஹோஸா என்பதை ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) சொல்லிவிடும். ஐடிலில் லாங் டேர்ம் ட்ரிம் +15, 2,500 சுற்றில் +4 என்று இறங்கினால் ஓட்டை. ஐடிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம், அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. சுற்று ஏறினால் பங்கு சிறுக்கும். மாறாக லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் சென்சர், ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

ஹோஸோடு அந்த வழியிலுள்ள செக் வால்வையும் மாற்றிவிடுங்கள். பூஸ்ட் வரும்போது அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். அது போனால் டிப்ஸ்டிக் தானாக எழும்பும், நல்ல ஆயில் சீல்கள் ஒவ்வொன்றாகக் கசியும், ஒவ்வொன்றுக்கும் தனி பில் வரும்.

ஓட்டை தேடப் புகை விட்டுச் சோதிக்கச் சொன்னால் 0.1 பாருக்குள் வைக்கச் சொல்லுங்கள். டயர் காற்றடிக்கும் கம்ப்ரஸரை அப்படியே மாட்டி சீலைப் பிய்த்த கதை உண்டு.

இன்னொன்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, எத்தனாலே இல்லாததை விட எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். நல்ல வண்டியிலேயே ட்ரிம் பிளஸ் பக்கம் நகர்ந்திருக்கும். முன்பு லைட் போடாத சின்ன ஓட்டைக்கு இப்போது லைட் எரிவது இதனால்தான்.

சூப்பர்சார்ஜர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொல்றாங்களே? (கோத்தகிரி, எஸ்எல்கே 230)

யாருடைய ஆயுசுக்கு என்பதுதான் கேள்வி. கியரும் முன் பேரிங்கும் எஞ்சின் ஆயிலில் ஓடுவதில்லை. சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதியில் தனியாக நூறு மில்லிக்குச் சற்று கூடுதலாக ஆயில் இருக்கும். உங்கள் வண்டி இருபது வருடம் தாண்டியது. ஒரு முறை கூட மாற்றாமல் இருந்தால் இப்போதே செய்யுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறியபின், வண்டி சமதளத்தில் நிற்க, மூக்கின் மேலுள்ள ஆலன் பிளக்கைக் கழற்றுங்கள். சுற்றிலும் முதலில் துடைக்க வேண்டும், மணல் உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி, வந்ததை அளந்து வையுங்கள். அழுகிய முட்டை மாதிரி நாறும், அது இயல்பு. தேன் நிறம் என்றால் நல்லது. சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் பேரிங் தேய்கிறது. ஈட்டனுக்கென்றே விற்கும் சூப்பர்சார்ஜர் ஆயிலைத் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். நிறைத்தால் சூட்டில் விரிந்து முன் சீலைத் தள்ளும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எதையும் மாற்றாக ஊற்றக் கூடாது. பிளக் உட்காருவது அலுமினியத்தில், அதனால் கைப்பலத்தைக் காட்டாதீர்கள்.

முதல் வரிசை எஸ்எல்கே 230 என்றால் புல்லியில் மின்காந்த கிளட்ச் இருக்கும். மிதிக்கும்போது ‘டக்’ என்று பிடிக்கும் சத்தம் அதுதான், பழுதில்லை. பிடித்து விட்டுப் பிடித்தால் மட்டும் கிளட்ச் இடைவெளியைப் பார்க்கவும்.

கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டு இறங்கி முடிச்சு மிதிச்சா பின்னாடி நீலப் புகை. பிஸ்டன் ரிங் போச்சுங்கிறாங்க. (கொடைக்கானல், சிஎல்கே 200)

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்குகிறீர்கள். அவ்வளவு நேரமும் மேனிஃபோல்டில் பலத்த வெற்றிடம். அது வால்வ் கைடு வழியாகவும் காற்றோட்ட ஹோஸ் வழியாகவும் ஆயிலை இழுத்துச் சேர்க்கும். முதல் மிதியில் அது எரிகிறது. ரிங் போயிருந்தால் ஏறும்போதும் புகைக்கும். இறங்கியதும் ஒரே ஒரு முறை புகைத்து அடங்கினால் வால்வ் சீல், ஆயில் பிரிப்பான், செக் வால்வு என்ற வரிசையில் பாருங்கள்.

இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் தேங்கியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும். எஞ்சின் டிப்ஸ்டிக் இறங்கினால் காற்றோட்ட வழி. டிப்ஸ்டிக் அப்படியே இருந்து சூப்பர்சார்ஜர் மூக்கில் ஆயில் குறைந்தால் அதன் உள் சீல். எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் முதலில் கம்ப்ரெஷன், லீக்-டவுன் (சிலிண்டர் அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்ற சோதனை) அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சின்ன புல்லி போட்டா ஊட்டியில போன பவர் திரும்ப வருமா? ரீமேப்பும் பண்ணலாம்னு இருக்கேன். (ஊட்டி, சிஎல்கே 200)

ஊட்டியிலேயே நிற்கும் வண்டி என்றால் வரும். ஆனால் மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் இறங்குவீர்களே, அங்கேதான் மாட்டுவீர்கள்.

உங்கள் ஈட்டன் போன்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்துவதை விடச் சூடாக்குவதில் கெட்டி. செயல்திறன் 55 சதவீதம் என்று வைத்துக் கொண்டால், 35 டிகிரி காற்றை 1.5 மடங்கு அழுத்தும்போது இன்டர்கூலருக்கு முன் 104 டிகிரி. 1.6 மடங்கு என்றால் 116. புல்லி விட்டம் 8 சதவீதம் குறைந்தால் சுற்று 8.7 சதவீதம் கூடும், அதைச் சுற்ற கிராங்க்கிலிருந்து எடுக்கும் பவரும் கூடும். மேலே காற்று மெலிவு, சிலிண்டர் அழுத்தம் குறைவு, நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடிப்பது) வராது. அதே மேப்பில் (எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்றிய அமைப்பில்) மேட்டுப்பாளையம் வெயிலில் ஏறத் தொடங்கினால் நாக் சென்சர் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். பர்லியார் வருவதற்குள் போட்ட காசு ஆவியாகிவிடும்.

செய்தே தீருவேன் என்றால் வரிசை இது. முதலில் ஓட்டை எல்லாம் அடைபட்டு ட்ரிம் ±5க்குள் வரட்டும். புதிய பெல்ட், டென்ஷனர், ஐட்லர். கம்பெனி சொன்ன பார்ட் நம்பர் ஸ்பார்க் பிளக், இடைவெளியை அகட்டாமல். இன்டர்கூலர் முன் இலை, பூச்சி எல்லாம் சுத்தம். பெட்ரோல் டேங்க் மூடியில் எழுதியபடி குறைந்தது 95 ஆக்டேன் பெட்ரோல். அதற்குப் பிறகு ரீமேப், அதுவும் சமவெளி வெயிலில் ஓட்டி ஸ்கேனரில் பதிவு எடுத்து. இத்தனையும் செய்தபின் பலருக்குப் புல்லி ஆசையே போய்விடும், ஏனென்றால் தொலைந்த பவர் பாதி திரும்பியிருக்கும்.

மலை மேல வந்து நிறுத்தினா கூலன்ட் கொதிச்சு டப்பால பொங்குது. கீழ பொங்கல. மீட்டர் 90தான் காட்டுது. (கூடலூர், ஊட்டிக்கு அடிக்கடி போவேன், சிஎல்கே 200)

மூடி. கூலன்ட் டப்பாவின் மூடியை மாற்றுங்கள், 1.4 பார் வகை. ஊட்டியில் அழுத்தமில்லாத தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். இந்த எஞ்சின் சும்மா ஓடுவதே 90 பக்கம். மூடி அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீருக்கே கொதிநிலை 120 தாண்டும், 50:50 கலவைக்கு இன்னும் மேலே. பிடிக்காத மூடி கீழே மன்னிக்கும், மேலே மன்னிக்காது. புது மூடி போட்டும் பொங்கினால் பிரஷர் பம்ப் மாட்டிப் பதினைந்து நிமிடம் விட்டு அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது.

காலையில ஸ்டார்ட் பண்ணா ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம். அப்புறம் இல்ல. (குன்னூர், சிஎல்கே 200)

எம்271இன் உண்மையான நோய் இது. ஒற்றை வரிசை டைமிங் செயின், அது நீளும். கேம் அட்ஜஸ்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது) பற்களும் தேயும். ஆயில் அழுத்தம் வரும்வரை டென்ஷனர் தளர்ந்திருப்பதால் சத்தம். ஸ்கேனரில் கேம் நிலை விலகலைப் பார்த்து, செயின், இரண்டு அட்ஜஸ்டர், டென்ஷனர் எல்லாம் ஒரே வேலையில் செய்யுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் ஒரு வருடத்தில் திரும்பி வருவீர்கள். ஆயில் 229.5 தரச்சான்று உள்ள 5டபிள்யூ-40, ஐந்தரை லிட்டர் பிடிக்கும். மலையில் ஓடும் வண்டிக்கு 8,000 கிலோமீட்டரில் மாற்றுவது என் பழக்கம்.

முன்னால் இருக்கும் இரண்டு கேம் மேக்னட்டின் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் ஒயர் வழியே ஏறி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) வரை போகும். புது மேக்னட்டோடு இடையில் மாட்டும் சின்ன ஒயர் துண்டும் வாங்கிப் போடுங்கள்.

மஞ்சு இறங்கின நாள்ல பெல்ட் கீச்சுன்னு கத்துது. (கொடைக்கானல்)

பெல்ட்டின் வரிப்பக்கத்தில் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று மீண்டும் வந்தால் புல்லி வரிசை கோணல், தெளித்ததும் கூடினால் டென்ஷன் குறைவு. டிரஸ்ஸிங் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், பூஸ்டில் வழுக்கும்.

மழைக்கு அப்புறம் டேஷ்போர்டுல கிறிஸ்துமஸ் மாதிரி எல்லா லைட்டும் எரியுது. (கோத்தகிரி, சில்வர் ஓக் மரத்தடியில நிறுத்துறேன்)

மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடிக்குக் கீழே பானெட் ஓரத்துப் பள்ளத்தில் இலை அடைத்து, வடிகால் ரப்பர் மூடி, தண்ணீர் ஃப்யூஸ் பெட்டிக்குள் ஏறியிருக்கும். இலையை அள்ளி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சக்கரப் பக்கம் வடிகிறதா பாருங்கள். பிறகு பேட்டரி கழற்றி, பெட்டியைத் திறந்து உலர்த்தி, பச்சை படிந்த பின்களைச் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு முறை இலையை அள்ளுங்கள்.

ஜாகுவார் எக்ஸ்கேஆர் 5.0 ஒண்ணு வருது, வாங்கலாமா? ஐடில்ல சூப்பர்சார்ஜர்ல லேசா தட்டுற சத்தம். (குன்னூர்)

தட்டுவது பெரும்பாலும் மூக்கிலுள்ள கப்ளர் (புல்லியையும் ரோட்டரையும் இணைப்பது), ஸ்பிரிங் வைத்தது தளர்ந்திருக்கும். அது சின்ன விஷயம். சூப்பர்சார்ஜருக்கு அடியில் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் இருக்கின்றன, அவை வெடித்தால் எஞ்சினே போகும். இரண்டுக்கும் சூப்பர்சார்ஜரை இறக்க வேண்டும், கூலிச் செலவு ஒன்றுதான். குழாய், கப்ளர், வாட்டர் பம்ப் மூன்றுக்குமான தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். ஆரம்ப வருட வண்டி என்றால் டைமிங் செயின் டென்ஷனர் மாற்றிய பில் கேளுங்கள்.

கல்லட்டி இறங்கும்போது பிரேக் வாசம் வந்து பெடல் மெத்தையாகுது. பேட் புதுசு. (ஊட்டி, சிஎல்கே 200 ஆட்டோமேட்டிக்)

36 கொண்டை ஊசி வளைவில் ‘டி’ போட்டு இறங்கினால் எந்தப் பேடும் தாங்காது. லீவரை இடப்பக்கம் தட்டி 2க்குக் கொண்டு வந்துவிட்டு முதல் வளைவைத் தொடுங்கள். பெடல் மெத்தையானது பிரேக் ஆயில் கொதித்ததால். டாட் 4 பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், இங்கத்திய மஞ்சில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மாற்றும்போது தூரச் சக்கரத்தில் தொடங்கி, பழுப்பு நிறம் போய்த் தெளிவாக வரும்வரை நான்கிலும் எடுக்க வேண்டும். அதோடு கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள வட்ட ஒயர் பிளக்கில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து கியர் பெட்டியில் பிளக்கின் ஓ-ரிங் கசிந்து, ஆயில் ஒயர் வழியாகக் கியர் கம்ப்யூட்டருக்கு ஏறும்.