இசைப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

வாசகி, மடிப்பாக்கம்:
அலுவலகம் முடிந்து வீடு சேர இரவு ஒன்பது மணியாகிவிடுகிறது. மனம் அடங்குவதற்காக யூடியூபில் எட்டு மணி நேரம் ஓடக்கூடிய ஜப்பானியக் குழலிசையைப் போட்டுக் கேட்டு வந்தேன். தொடக்கத்தில் இதமாக இருந்தது. இப்போது சலிப்பாக இருக்கிறது. எப்படிக் கேட்டால் பயன் கிடைக்கும்?

உங்களுக்குச் சலித்ததில் வியப்பில்லை. அத்தகைய நெடுந்தொகுப்புகளில் பெரும்பாலானவை ஒரு சிறு குழல் துணுக்கை நீரோசையோடு கலந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுபவை. அவற்றில் இசைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. முழுமையாக இயற்றப்பட்ட ஒரு படைப்பை, அது சிறியதாக இருந்தாலும், முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது.

முதலில் ‘ஹாரு நோ உமி’ என்னும் ‘வசந்தகாலக் கடல்’. சிறு வயதிலேயே பார்வையை இழந்த மியாகி மிச்சியோ, கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக் குழலுக்குமாக 1929-இல் இயற்றியது இது. இன்றும் ஜப்பானில் புத்தாண்டு நாட்களில் எங்கும் ஒலிக்கிறது. கோட்டோ ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள, 13 நரம்புகள் கொண்ட கருவி. ஒவ்வொரு நரம்புக்கும், அதைத் தாங்கி நிற்கும், நகர்த்தக்கூடிய ‘குதிரை’ என்னும் தனித் தாங்கி உண்டு. அதை இங்கும் அங்கும் தள்ளித்தான் சுருதி சேர்க்கிறார்கள். வலக்கையின் மூன்று விரல்களில் செயற்கை நகங்களை மாட்டிக்கொண்டு மீட்டும்போதே, குதிரைக்கு அப்பாலுள்ள நரம்பை இடக்கை அழுத்தி, சுரத்தைச் சற்றே உயர்த்தி வளைக்கும். வீணை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வளைவு உடனே பிடிபட்டுவிடும்.

அடுத்து, ஷாகுஹாச்சி தனித்து ஒலிக்கும் பழைய ‘ஹோன்கியோகு’ உருப்படிகளுக்குச் செல்லுங்கள். முகத்தையே மறைக்கும் கூடைத் தொப்பி அணிந்து திரிந்த ஃபுகே என்னும் ஜென் பௌத்தப் பிரிவுத் துறவியர், தியானமாகவே கருதி வாசித்தவை இவை. அந்தப் பிரிவை 1871-இல் ஜப்பானிய அரசு கலைத்துவிட்ட பிறகும் இசை மட்டும் பிழைத்திருக்கிறது. வேர்ப் பகுதியோடு வெட்டிய மூங்கிலில் ஐந்தே துளைகள். வழக்கமான அளவு சுமார் 54 சென்டிமீட்டர். வாசிப்பவர் முகவாயைத் தாழ்த்தினாலே சுரமும் தாழ்ந்துவிடும். பல உருப்படிகளில் தாளக் கட்டு கிடையாது, ஒரு மூச்சே ஓர் இசைத்தொடர். மூச்சின் இரைச்சல் கேட்டால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம், அதுவும் இசையின் பகுதிதான். இரண்டு இசைத்தொடர்களுக்கு இடையில் வரும் இடைவெளியைப் பொறுமையோடு கேட்கப் பழகினால், நம் மூச்சும் தானாகவே நிதானப்படுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. முழு வேகத்தில் சுழலும் மின்விசிறி, குழல் சுரம் தேய்ந்து மறையும் கடைசிப் பகுதியை விழுங்கிவிடும். உயிர் இருப்பதோ அங்கேதான். ஒலியைக் கூட்டாதீர்கள், விசிறியின் வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஹெட்போனில் கேளுங்கள்.

வாசகர், நங்கநல்லூர்:
கர்நாடக இசையில் ஊறியவன் நான். ஜப்பானிய இசை பெரும்பாலும் சோகமாகவே படுகிறது. இது மனத்தை அமைதிப்படுத்துமா, இன்னும் கனக்கச் செய்யுமா?

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. கோட்டோ இசையில் மிகுதியாக வழங்கும் ஒரு சுர வரிசையை நம் முறையில் எழுதினால் ஸ, சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், ப, சுத்த தைவதம் என்று வரும். ஏறக்குறைய ‘கர்நாடக சுத்த சாவேரி’ என்னும் ராகத்தின் சுரங்கள். ஷட்ஜத்தை ஒட்டி ரிஷபமும் பஞ்சமத்தை ஒட்டி தைவதமும் நிற்பதால்தான் அந்த ஏக்கம் பிறக்கிறது. ஆனால் ஜப்பானிய நாட்டுப்பாடல்கள் பலவற்றில் வேறொரு சுர வரிசை உண்டு: ஸ ரி ம ப த, ரிஷபமும் தைவதமும் சதுச்ருதி. நமக்கு அது ‘தாரினி தெலுசுகொண்டி’ கீர்த்தனையின் ராகமான ‘சுத்த சாவேரி’. சுரங்கள் ஒன்றானாலும் கமகமும் பிடிப்பும் வேறு. ஆகவே ராகத்தைத் தேடிக்கொண்டே கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் வகை கனமாகப்பட்டால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். 17-ஆம் நூற்றாண்டின் யாட்சுஹாஷி கெங்யோ இயற்றியதாகச் சொல்லப்படும் ‘ரொக்குடான்’ முதல் வகையைச் சேர்ந்ததுதான். எனினும் மிக மெதுவாகத் தொடங்கி, ஆறு பகுதிகளில் படிப்படியாக விறுவிறுப்படைவதால், ஆலாபனையும் தானமும் கேட்டுப் பழகிய உங்களுக்கு அதன் நடை பிடிக்கும் என்று நம்புகிறேன்.

வாசகி, அண்ணா நகர்:
இந்த இசையைக் கேட்டால் தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இசை உறங்குவதற்கு முன் மனத்தைத் தளர்த்த உதவலாம். மருந்துக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம்.

கல்லூரி மாணவர், தாம்பரம்:
ஷாமிசென் என்னும் ஜப்பானிய நரம்புக் கருவியும் இதற்கு ஏற்றதா? எந்தக் கலைஞரிலிருந்து தொடங்கலாம்?

ஷாகுஹாச்சிக்கு யமகுச்சி கோரோவிலிருந்து தொடங்குங்கள். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில், நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாடலோடு, கூட்டிலுள்ள நாரைகளைப் பற்றிய அவருடைய குழலிசையும் இருக்கிறது. ஷாமிசெனுக்கு மூன்று நரம்புகள். தோல் போர்த்திய உடலோடு சேர்த்து அகன்ற மட்டையால் அறைந்து வாசிப்பதால் தாளவாத்தியத்தின் அதிர்வும் கூடவே எழும். அதிலும் வடக்குப் பகுதியான சுகருவின் பாணி மிகுந்த வேகமுடையது. அதைக் காலையில் கேளுங்கள், படுக்கப்போகும் நேரத்துக்கு வேண்டாம்.